பிள்ளைத்தாச்சிச் சீனியும் காப்புறுதிப் படிவமும்

கல்குடாவில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பேரில்தான் இருக்கும். மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினால் வீடு கட்டியாயிற்றா என்ற கேள்விதான் முதலில் வரும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிற இடம் அது. தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமில்லாமல் மட்டக்களப்பு வாவிக் கரை நெடுகிலும், வடக்கே கோறளைப்பற்றிலும் வழக்கம் இதுதான். தாய்வழி உரிமையைச் சொல்லும் முக்குவர் சட்டத்தைப் பிறிற்றோ என்ற சட்டத்தரணி 1876இல் நூலாக அச்சிட்டார். அதே ஆண்டு வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்தச் சட்டத்தை ஏட்டோடு நிறுத்திவிட்டது. ஊர் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

வீடு அவள் பேரில் என்றால் வீட்டுக் கடனும் அவள் பேரில். ஆசிரியை, தாதி, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று மாதச் சம்பளம் எடுக்கும் பெண் வங்கிக்குப் போனால், காணி உறுதியோடு அவளுடைய உயிரையும் பிணை கேட்பார்கள். கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறைந்துகொண்டு போகிற ஒருவகை ஆயுள் காப்புறுதி அது. கடனாளி இடையில் இறந்தால் மீதிக் கடனை நிறுவனம் வங்கிக்குக் கட்டும், பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீரிழிவோ, குருதியில் அல்லது சிறுநீரில் சீனியோ எப்போதாவது இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். பெண்களுக்கென்று தனியாக, கர்ப்ப காலத்தில் ஏதும் சிக்கல் ஏற்பட்டதா என்று இன்னொன்று. வசனம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதில் எழுத இருப்பவை இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.

இந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. வழக்கமாக நடக்கிற உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“வருத்தம் ஏதும் இருக்கா அக்கா?”

“இல்ல தம்பி. ரெண்டாவது பிள்ளைக்குச் சீனி எண்டு சொன்னவங்க. பிள்ளை பிறந்த பிறகு ஒண்டும் இல்ல.”

“அது பிள்ளைத்தாச்சி நேரம் எல்லாருக்கும் வாறதுதானே. அதையெல்லாம் எழுதத் தேவையில்ல.”

முகவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு சரி போடுவார். அக்கா கையெழுத்து வைப்பாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. கர்ப்பகால நீரிழிவு அவ்வளவு பரவலானது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் பிறக்கும் ஆறு குழந்தைகளில் ஒன்றின் தாய்க்குக் கர்ப்ப காலத்தில் குருதிச் சீனி கூடியிருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்கு இது இன்னும் கூட. ஒஸ்லோ நகரின் குரூருட்தாலன் பகுதியில் 823 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அங்கே குடியேறிய பாகிஸ்தானியரும் நம்முடைய இலங்கைத் தமிழரும் அதில் கணிசமாக இருந்தார்கள். நோர்வேப் பெண்களைவிடத் தெற்காசியப் பெண்களிடம் சீனி தெளிவாகவே அதிகமாக இருந்தது.

நமது கரையின் கணக்கு என்ன? 2008இல் வெளியான இலங்கையின் பெரிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்றது. இன்றைக்கும் மேடைகளில் சொல்லப்படும் கணக்கு அது. ஏழு மாகாணங்களில் எடுத்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை.

சீனி என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பது படிவத்தைப் பார்த்தால் தெரியாது. கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். குமட்டும் என்று சிலர் தேசிக்காய் பிழிந்து கொள்வார்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை, குடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். இடையில் வாந்தி எடுத்தால் சோதனை வீண், இன்னொரு நாள் வர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட அளவுகளின்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். மூன்றில் ஏதேனும் ஒன்று அந்த அளவைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு.

வெறும் வயிற்றில் 93 என்று வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் கர்ப்பிணியாக இல்லாவிட்டால் அதே 93 சாதாரணம். நூறுக்குக் கீழே என்று ஆய்வுகூடம் தட்டச்சுச் செய்து கொடுத்துவிடும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் அதே எண்ணுக்கு ஒரு நோயின் பெயர் கிடைக்கிறது. பிள்ளையின் நலனுக்காக அளவை இறக்கி வைத்தது சரியான முடிவுதான். சீனி சற்றுக் கூடினாலும் பிள்ளையின் எடையும் பிரசவச் சிக்கல்களும் படிப்படியாகக் கூடுகின்றன என்று ஒன்பது நாடுகளில் இருபத்தையாயிரம் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2008இல் காட்டியது. ஆனால் பிள்ளைக்காக இறக்கிய அளவுகோலைத் தாயின் ஆயுளை அளக்கவும் அப்படியே தூக்கி வைப்பது வேறு விஷயம். 93 வந்தவளும், வெறும் வயிற்றில் 126ஐத் தாண்டி ஏற்கெனவே நீரிழிவு இருந்து கர்ப்பத்தில்தான் வெளிப்பட்டவளும் படிவத்தில் ஒரே ‘ஆம்’.

காப்புறுதிக்காரர் கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 20 ஆய்வுகளை, 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை, ஒன்றாக எடுத்துப் பார்த்தது. கர்ப்பத்தில் சீனி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. உயிரை வைத்துக் கணக்குப் போடுகிற தொழில் இதைக் கேட்காமல் விடாது.

கேட்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் நமது பெண்கள் அறியாதது. உலகெங்கும் காப்புறுதித் தொழிலின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு, சீனியும் இருக்கும்போது விண்ணப்பித்தால் பிரசவத்துக்குச் சில மாதங்கள் கழித்து வரச் சொல்லி ஒத்திவைப்பார்கள். அது மறுப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் எடுத்த சோதனை சாதாரணமாக இருந்து, எடையும் குருதி அழுத்தமும் ஒழுங்காக இருந்தால், மற்ற எல்லோருக்கும் உரிய அதே கட்டுப்பணத்திலேயே ஏற்றுக்கொள்வது வழக்கம். சோதனையில் இடைநிலை வந்தால், அதாவது இரண்டு மணி நேர அளவு 140க்கும் 199க்கும் இடையில் நின்றால், கட்டுப்பணத்தைக் கூட்டலாம். பாரதூரமான நோய்க் காப்பு, வைத்தியசாலைப் படி போன்ற மேலதிக இணைப்புகளில்தான் கை சற்று இறுகும். இஸ்லாமியக் காப்புறுதியான தகாபுல் முறையில் எடுத்தாலும் சுகாதாரக் கேள்விகள் உண்டு.

ஆக ‘ஆம்’ என்று எழுதுகிறவளுக்குத் தேவைப்படுவது ஒரு தாள். பிள்ளை பிறந்த பின் எடுத்த குளுக்கோஸ் சோதனையின் அறிக்கை. நமது பெண்கள் பலரிடம் இல்லாத தாளும் அதுதான். என் பார்வையில் இந்தக் கதையின் முடிச்சே இதில் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் இலங்கைச் சுகாதாரத் துறை ஒரு பெண்ணை எப்படிக் கவனிக்கிறது என்பதில் குறை சொல்ல அதிகம் இல்லை. குடும்பநல மருத்துவிச்சி வீடு தேடி வருகிறார். கர்ப்பிணி அட்டையில் எடை, அழுத்தம், சீனி எல்லாம் பதிகிறார். முதல் கிளினிக்கில் ஒரு தடவையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் இன்னொரு தடவையும் சீனி பார்க்கிறார்கள். சிவப்பரிசி எவ்வளவு, பிட்டு எவ்வளவு, தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்று பேசுகிறார்கள். தேவைப்பட்டால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புகிறார்கள். பிள்ளை பிறந்த அன்றே எல்லோருடைய கண்ணும் பிள்ளை மேல் போய்விடும். ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையில் தாய்க்கு மீண்டும் ஒரு குளுக்கோஸ் சோதனை எடுக்க வேண்டும் என்று வழிகாட்டல் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் காயச் சரக்குச் சாப்பாட்டோடும் இரவு நித்திரையில்லாத பிள்ளையோடும் இருக்கிறாள். வெறும் வயிற்றோடு போய் இரண்டு மணி நேரம் வாங்கில் இருக்க யாருக்கு மனம் வரும்? சுகமாகத்தான் இருக்கிறேன் என்று விட்டுவிடுகிறாள். அடுத்ததாக அரசாங்கம் அவளை நினைவுகூர்வது 35 வயதில், சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடும்போது. 26 வயதில் பிள்ளை பெற்றவளுக்கு அது ஒன்பது வருடம் தள்ளி.

அந்த ஒன்பது வருடம் வீணாகப் போவதுதான் எனக்குக் காப்புறுதியைவிடப் பெரிய கவலை. கர்ப்பத்தில் சீனி வந்து, பின்னர் இடைநிலையில் நின்ற பெண்கள் எடையைக் குறைத்து, நடந்து, சாப்பாட்டை மாற்றினால் நீரிழிவாக முற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது என்று அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு காட்டியது. மெற்போமின் மாத்திரையாலும் கிட்டத்தட்ட அதே அளவு பயன் கிடைத்தது. தாய்ப்பால் கொடுப்பதும் துணை நிற்கிறது. சோதித்தால்தானே இவற்றையெல்லாம் தொடங்க முடியும்.

இனி அந்தச் சரிக்கு வருவோம், தம்பி ‘இல்லை’ கட்டத்தில் போட்ட சரிக்கு.

சிறிய தொகைக்கான காப்புறுதிகளில் நிறுவனம் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. படிவத்தை மட்டும் நம்பிப் பத்திரம் கொடுத்துவிடும். நமது ஆட்கள் இதைச் சலுகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சோதனை தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவுதான். ஆள் இறந்து குடும்பம் காசு கேட்கும்போது நிறுவனம் கோவையைத் திறக்கும். வைத்தியசாலை விடுதிப் பதிவுகள், கிளினிக் கொப்பி எல்லாம் வரவழைக்கப்படும். நமது அரச வைத்தியசாலைகளில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். பழைய வருத்தங்களை வைத்தியர் அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார். எட்டு வருடத்துக்கு முந்திய சீனி அங்கே மூன்று எழுத்துச் சுருக்கமாக இருக்கும்.

இலங்கையில் காப்புறுதி விஷயங்களுக்கு 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் வழியாக ஆங்கிலச் சட்டம் வந்து சேர்ந்தது. அதன் அடித்தளம் உச்ச நல்லெண்ணம்: காப்புறுதி எடுப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு கார்ட்டர் எதிர் போம் வழக்கில் சொன்னது அது. சுமாத்திராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததை ஒட்டிய வழக்கு. காப்புறுதிக்காரருக்குச் சாதகமாக எத்தனையோ தடவை எடுத்துக் காட்டப்பட்ட அந்த வழக்கில் வென்றவர் காப்புறுதி எடுத்தவர்தான் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

முகவர் எழுதியதுதானே, நான் என்ன செய்வேன் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1929இல் நியூஸ்ஹோம் சகோதரர்கள் என்ற பஸ் உரிமையாளர்கள் இங்கிலாந்தில் தோற்றார்கள். உண்மையான விபரங்களை முகவரிடம் சொல்லியிருந்தார்கள், படிவத்தில் தவறாக எழுதியவர் முகவர். படிவத்தை நிரப்பும் வேலையில் முகவர் நிறுவனத்தின் ஆள் இல்லை, உங்கள் கையாக இருந்து எழுதியவர் என்றது நீதிமன்றம். எழுதியதற்குக் கீழே இருந்த கையெழுத்து அவர்களுடையது. பிரித்தானியா 2012இல் சட்டத்தையே மாற்றி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொன்னால் சாதாரண மக்களுக்குப் போதும் என்று ஆக்கிவிட்டது.

இந்திய உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாசிக்க வேண்டியவை. 2009இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், சிறுநீரக நோயையும் நீரிழிவையும் படிவத்தில் மறைத்தவரின் குடும்பத்துக்குக் காசு இல்லை என்றானது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கு வேறு பக்கம் சாய்ந்தது. அமெரிக்கா போகப் பயணக் காப்புறுதி எடுத்த அவர் நீரிழிவு இருப்பதைச் சொல்லியிருந்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு. கொழுப்பு மாத்திரை குடித்ததைச் சொல்லவில்லை என்று நிறுவனம் காசு மறுத்தது. நீரிழிவு என்று தெரிந்தே பத்திரம் கொடுத்த நிறுவனம் பிறகு அதை ஒட்டிய காரணத்தைச் சொல்லிக் கைகழுவ முடியாது என்று உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. இரண்டு வழக்கையும் அடுத்தடுத்து வாசித்தால் தெரிவது, எழுதி வைத்த ‘ஆம்’ பின்னாளில் கவசமாகிறது என்பது.

பெண்ணின் கருப்பையைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு எல்லையே இல்லையா? இந்தியாவில் நீரா மாத்தூர் வழக்கு அந்த எல்லையைத் தொட்டது. அவர் காப்புறுதி எடுக்கப் போனவர் இல்லை, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை தடவை கருத்தரித்தாய் என்றெல்லாம் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அதில் தவறாக எழுதினார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991இல் உயர்நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அப்படிப்பட்ட கேள்விகள் பெண்ணை வெட்கப்படுத்துபவை, படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது.

பாரிஸ் லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் இன்னொரு செய்தி சொல்வார்கள். பிரான்ஸில் லெமுவான் சட்டம் என்று ஒன்று 2022இல் வந்தது. ஒருவருக்கு இரண்டு இலட்சம் யூரோவுக்கு மேற்படாத வீட்டுக் கடன், அதுவும் அறுபது வயதுக்கு முன் கட்டி முடிகிறதாக இருந்தால், கடன் காப்புறுதிக்குச் சுகாதாரக் கேள்வியே கேட்கக் கூடாது. நீரிழிவா, புற்றுநோயா, எதுவும் வேண்டாம். எல்லோருடைய கட்டுப்பணத்திலும் சற்றுக் கூட்டிப் பொதுவாகச் சுமக்கிறார்கள். கோறளைப்பற்றில் எடுக்கப்படும் வீட்டுக் கடன்களின் அளவைப் பார்த்தால், இங்கே அதைச் செய்ய எந்த நிறுவனமும் முறிந்துபோகாது என்பது என் எண்ணம். காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதை எடுத்துப் பேசலாம்.

அது வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை வயிற்றில் வருவதற்கு முன்பே ஆயுள் காப்புறுதி எடுப்பது எல்லாவற்றிலும் இலகு. இருபத்துநாலு வயதில் யாரும் இதை நினைப்பதில்லை, ஆனால் கட்டுப்பணம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். கர்ப்பத்தில் சீனி வந்துவிட்டால், பிரசவத்துக்குப் பின் சோதித்த அறிக்கையோடு போங்கள். அந்த நேரத்தில் மூன்று மாதச் சராசரிச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு போவது சரிவராது. பிரசவத்தில் இரத்தம் போயிருப்பதாலும் இரத்தச் சோகையாலும் அது பிழையாகக் காட்டும். குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனைதான் வேண்டும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், நீங்களே நிரப்புங்கள். ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்தில் இடமில்லாவிட்டால் தனித் தாளில், எந்த ஆண்டு, எத்தனையாவது பிள்ளை, ஊசி போட்டதா சாப்பாட்டோடு மட்டும் நின்றதா, பிறகு எடுத்த சோதனையில் என்ன வந்தது என்று நாலு வரி எழுதி இணையுங்கள். கையெழுத்து வைத்த படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள். கட்டுப்பணத்தைக் கூட்டினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஓரிரு வருடம் சோதனை சாதாரணமாக வந்த பிறகு மீளப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிறுவனம் ஒத்திவைத்தால் இன்னொன்றுக்குப் போகலாம். அங்கேயும், இதற்கு முன் வேறு நிறுவனம் ஒத்திவைத்ததா என்ற கேள்வி வரும். அதற்கும் உண்மையே எழுதுங்கள். காசு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தி இல்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். முறைப்பாட்டாளரிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

கிழமைக்குக் கிழமை குழுவாகக் கட்டுகிற நுண்கடனிலும் காப்புறுதி என்று சிறு தொகையைப் பிடித்துக்கொண்டே காசு எண்ணித் தருவார்கள். நான் சுகதேகி என்று ஒரு வரி அந்தத் தாளின் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கர்ப்பிணி அட்டையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2004 சுனாமி கல்குடாக் கரையில் வீட்டோடு கடதாசிகளையும் கொண்டுபோனது. 2006, 2007இல் வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே தவிர கிளினிக் கொப்பியை அல்ல. அந்த நாட்களில் பிள்ளை பெற்ற பெண்கள் இப்போது நாற்பதைத் தாண்டி, மகளுக்கு வீடு கட்டக் கடன் கேட்கிற வயதில் நிற்கிறார்கள். சீனி என்று சொன்னது ஞாபகம் இருந்தால் அதை அப்படியே எழுதலாம், பதிவுகள் அழிந்துவிட்டன என்பதையும் சேர்த்து. இன்றைக்கு ஒரு சோதனை எடுத்து இணைத்தால் நிறுவனத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

இனிப் பிள்ளை பெறப் போகிறவர்களுக்கு இதைவிட இலகுவான வழி ஒன்று கையருகில் இருக்கிறது. இரண்டு மாதம் முடிந்ததும் பிள்ளைக்கு முக்கூட்டு, ஈரல் அழற்சி எல்லாம் சேர்த்த ஐங்கூட்டு ஊசிக்குக் கிளினிக் வர வேண்டும். அந்த ஊசியைத் தவறவிடும் தாய் நம்மிடையே அரிது. அந்த நாள், தாய்க்குச் சோதனை எடுக்க வேண்டிய ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களுக்குள்ளேயே சரியாக விழுகிறது. கர்ப்பத்தில் சீனி வந்தவர்களின் பிள்ளை அட்டையில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு அடையாளம் இட்டு, விடியச் சாப்பிடாமல் வரச் சொல்லி மருத்துவிச்சி முதல் நாளே ஞாபகப்படுத்தினால், பிள்ளைக்கு ஊசி போடுகிற காலையிலேயே தாயின் இரத்தத்தையும் எடுத்து ஆதார வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிடலாம். புதிய கட்டடமோ புதிய ஆளணியோ இதற்குத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்று முன்வந்து ஒரு வருடம் செய்து பார்த்தால் எத்தனை பேரின் அறிக்கை கையில் இருக்கிறது என்று எண்ணியே சொல்லிவிடலாம்.